எந்த ஊர், எவர் சோறு: கார்லோ டியோனிசொட்டியின் ஆய்வு வாழ்க்கை



இத்தாலிய இலக்கியம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் "தாந்தேயா?" என்றுதான் பலரும் கேட்டார்கள். தாந்தே வருவார், ஆனால் ஓரமாகத்தான் வருவார். நான் பேச எடுத்துக்கொண்டவர் கவிஞருமல்லர், நாவலாசிரியருமல்லர். வாழ்வின் பிற்பாதியை லண்டனில் கழித்து, அங்கேயே 1998இல் மறைந்த ஓர் ஆய்வாளர். பெயர் கார்லோ டியோனிசொட்டி. இத்தாலிக்கு வெளியே துறைக்காரர்களைத் தாண்டி அந்தப் பெயர் போகவில்லை. ஆனால் இத்தாலிய இலக்கிய வரலாறு எழுத உட்காரும் எவரும், ஒன்று அவரோடு உடன்பட வேண்டும், அல்லது அவரோடு மல்லுக்கட்ட வேண்டும். அவரைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை.

அவருடைய ஆய்வு முழுவதையும் இரண்டு கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம் என்பது என் எண்ணம். இந்த நூலை எழுதியவன் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினான்? எழுதிய நாட்களில் அவனுக்குச் சோறு போட்டது யார்? மிகச் சாதாரணமான கேள்விகள். அவர் இவற்றை இப்படிக் கோஷமாக எழுதி வைக்கவும் இல்லை. சொல்லும் முறை என்னுடையது. ஆனால் இந்தக் கேள்விகளை விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டே போனதில், ஒரு நாடு தன்னைப் பற்றிச் சொல்லிவந்த பெருங்கதை ஒன்று கலைந்தது.

அந்தக் கதையை முதலில் சொல்லியாக வேண்டும். சொன்னவர் ஃபிரான்செஸ்கோ தெ சாங்க்டிஸ். 1817இல் நேப்பிள்ஸுக்குக் கிழக்கே மலைப்பகுதியில் பிறந்தவர். 1848 புரட்சியை ஒட்டி நேப்பிள்ஸ் அரசு அவரைச் சிறையில் தள்ளியது. 1861இல் இத்தாலி ஒரே அரசாக அறிவிக்கப்பட்டபோது அதே மனிதர் கல்வி அமைச்சர் ஆனார். அவருடைய 'இத்தாலிய இலக்கிய வரலாறு' 1870, 71ஆம் ஆண்டுகளில் நேப்பிள்ஸில் வெளிவந்தது. அந்த நூலில் மாக்கியவெல்லியைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் அவர் சட்டென்று நிறுத்துகிறார். இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்துவிட்டது என்று மணிகள் முழங்குகின்றன, அது என் காதில் விழுகிறது என்று எழுதுகிறார். 1870 செப்டம்பர் 20. போப்பாண்டவரின் ஆட்சியிலிருந்து ரோம் பறிபோன நாள். இலக்கிய வரலாறு எழுதுகிறவரின் மேசைக்கே அன்றைய செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அதை அவர் மறைக்கவில்லை, புத்தகத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அந்தப் பக்கம் மிகவும் பிடிக்கும். ஆனால் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. தெ சாங்க்டிஸுக்கு இலக்கியம் என்பது ஒரே தேசத்தின் ஒரே மனசாட்சி. அது தாந்தேயில் எழுந்து, மறுமலர்ச்சிக் காலத்தில் நெறி தளர்ந்து, நாட்டு விடுதலையோடு மீண்டும் நிமிர்கிறது. நூற்றாண்டுகளின் ஊடே ஒரு நேர்கோடு ஓடுகிறது. படிக்கப் படிக்க நெஞ்சு நிறையும். பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் அந்தக் கோட்டின் மேல்தான் பாடத்திட்டம் அமைத்தன. பின்னால் வந்த பாசிச ஆட்சியோ தேசப் பெருமையை ஊதிப் பெரிதாக்கியது.

அந்தக் கோட்டில் ஓர் ஓட்டை உண்டு. 1861இல் இத்தாலியில் எத்தனை பேர் இத்தாலிய மொழி பேசினார்கள்? மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோவின் மதிப்பீடு நூற்றுக்கு இரண்டரைப் பேர். அது மிகக் குறைவு, நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இருக்கலாம் என்று அர்ரிகோ காஸ்தெல்லானி மறுத்தார். பத்து என்றே வைத்துக்கொள்வோம். மற்ற தொண்ணூறு பேர் வீட்டிலும் சந்தையிலும் வெனிசிய மொழியோ நேப்பிள்ஸ் மொழியோ சிசிலிய மொழியோ பேசிக்கொண்டிருந்தவர்கள். இப்படிப்பட்ட நிலத்தில் அறுநூறு ஆண்டுகளாக ஒரே தேசிய இலக்கியம் நேர்கோட்டில் நடந்து வந்தது என்றால் நம்ப முடியுமா?

டியோனிசொட்டி 1908இல் தூரின் நகரில் பிறந்தவர். தூரின் வடமேற்கு மூலையில், பிரான்சை ஒட்டியுள்ள பீட்மாண்ட் பகுதியின் தலைநகரம். அங்கேயே படித்தார். 1931இல், இருபத்துமூன்று வயதுக்குள், பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் பியத்ரோ பெம்போவின் மொழி நூலைப் பதிப்பித்துவிட்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியர் வேலை. முசோலினி ஆட்சியை எதிர்த்த 'நீதியும் விடுதலையும்' இயக்கத்தைச் சேர்ந்தவர்களோடு அவருக்கு உறவு இருந்தது. பாசிசத்தின் தத்துவவாதியான ஜோவான்னி ஜெண்டிலே 1944 ஏப்ரலில் பிளாரன்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இத்தாலியக் கல்வி உலகில் பலர் துக்கம் கொண்டாடினார்கள். டியோனிசொட்டி அந்தச் சாவைப் பற்றித் தயவு தாட்சண்யம் இல்லாமல் எழுதினார்.

போர் முடிந்ததும் 1947இல் ஆக்ஸ்போர்டு போனார். அவருக்கு முன்பே அங்கு போயிருந்தவர் பண்டைய வரலாற்று அறிஞர் அர்னால்டோ மோமில்யானோ. அவரும் பீட்மாண்ட்காரர், அவரும் 1908இல் பிறந்தவர். யூதர் என்பதால் 1938 இனச் சட்டங்களின்கீழ் பேராசிரியர் பதவியை இழந்து இங்கிலாந்துக்குத் தப்பியவர். இருவருடைய நட்பும் கடைசிவரை நீடித்தது. மோமில்யானோ மறைந்தபின் டியோனிசொட்டி அவரைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். 1949இல் லண்டன் பெட்ஃபோர்டு கல்லூரியில் டியோனிசொட்டிக்கு இத்தாலியப் பேராசிரியர் பதவி கிடைத்தது. பெண்கள் உயர்கல்விக்காக 1849இல் தொடங்கிய கல்லூரி அது. 1970 வரை அங்கே பணியாற்றினார். மற்ற நேரமெல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசிப்புக் கூடத்தில்.

அவர் பதவியேற்றபோது ஆற்றிய தொடக்கப் பேருரையின் தலைப்பு 'இத்தாலிய இலக்கியத்தின் புவியியலும் வரலாறும்'. அதில் புவியியல் முன்னால் நிற்கிறது, வரலாறு பின்னால். தற்செயலாக அமைந்த வரிசை அன்று அது. 1967இல் தூரினின் எய்னௌதி பதிப்பகம் அவர் கட்டுரைகளைத் தொகுத்தபோது இதே தலைப்புதான் நூலுக்கும் ஆயிற்று. அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயது. பெயர் சொல்லும் அவருடைய முதல் கட்டுரைத் தொகுப்பே அதுதான். ஆண்டுக்கொரு புத்தகம் என்று கணக்குக் காட்டச் சொல்லும் இன்றைய பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த உரை என்ன சொல்கிறது? ஒரு தேசப்படத்தை விரியுங்கள், அதில் எழுத்தாளர்களை வையுங்கள் என்கிறது. முதல் கவிதைக் குழு சிசிலியில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அரசவையில் உருவாகிறது. பிறகுதான் பிளாரன்ஸ் இருக்கும் டஸ்கனி. தாந்தே பிளாரன்ஸில் பிறந்தவர். ஆனால் 1302இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, 1321இல் ராவென்னாவில் இறந்தவர். பெட்ரார்க் பிறந்தது அரெட்சோ, வளர்ந்தது பிரான்சின் அவிஞ்ஞோன், எட்டாண்டுகள் இருந்தது மிலான், இறந்தது பாதுவாவுக்கு அருகே. பொக்காச்சியோவின் இளமை நேப்பிள்ஸில். பிளாரன்ஸின் மூன்று மகுடங்கள் என்று சொல்லப்படுகிற மூவரும் பிளாரன்ஸுக்கு வெளியே கழித்த ஆண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். பதினைந்தாம் நூற்றாண்டிலோ நேப்பிள்ஸுக்கு ஓர் இலக்கியம், ஃபெராராவுக்கு ஓர் இலக்கியம், வெனிஸுக்கு ஓர் இலக்கியம். ஒரே ஆறு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் தனித்தனி ஏரிகள். அவற்றுக்கிடையே சில காலங்களில் மட்டும் வாய்க்கால் திறந்திருக்கிறது. அந்த வாய்க்கால் எப்போது திறந்தது, யார் திறந்தது, எப்போது மூடியது என்பதுதான் டியோனிசொட்டி கண்ட வரலாறு.

பெரிய வாய்க்காலைத் திறந்தவர் பெம்போ. 1470இல் வெனிஸின் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். வெனிஸில் அல்டோ மனூட்சியோ நடத்திய அச்சகம் 1501இல் பெட்ரார்க்கையும் 1502இல் தாந்தேயையும் கைக்கு அடக்கமான சிறு வடிவில் வெளியிட்டது. உரை இல்லை, விளக்கம் இல்லை, மூலம் மட்டும். அதற்குமுன் கிரேக்க, லத்தீன் மூலங்களுக்கு மட்டுமே கிடைத்த மரியாதை அது. இரண்டுக்கும் மூலபாடத்தைச் செப்பம் செய்து கொடுத்தவர் பெம்போ. 1525இல் அவருடைய மொழி நூல் வந்தது. செய்யுளுக்குப் பெட்ரார்க்கையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் பின்பற்றி எழுதுங்கள் என்று அது விதித்தது. அதாவது, செத்து நூற்றைம்பது ஆண்டுகளான இரண்டு டஸ்கனிக்காரர்களின் மொழியில் எழுதுங்கள் என்று ஒரு வெனிஸ்காரர் இத்தாலி முழுவதற்கும் சொல்கிறார். அதற்கு முன்பே, 1516இல், இத்தாலிய மொழிக்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் அங்கோனா என்ற துறைமுகத்தில் அச்சாகியிருந்தது. எழுதிய ஃபோர்த்தூனியோவும் டஸ்கனிக்காரர் அல்லர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது டியோனிசொட்டியின் கட்சி. பிளாரன்ஸ்காரனுக்கு இலக்கணம் எதற்கு? வாயைத் திறந்தால் வருவதுதான் அவனுக்கு மொழி. வெளியூர்க்காரனுக்குத்தான் விதி வேண்டும்.

அந்த விதி வேலை செய்த விதத்தை ஓரிடத்தில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அரியோஸ்தோவின் 'வெறிகொண்ட ஒர்லாண்டோ' காவியம் 1516இல் ஃபெராராவில் முதலில் அச்சானது. 1521இல் மறுபடி, 1532இல் மூன்றாவது முறை. முதல் பதிப்பில் போ ஆற்றுச் சமவெளியின் பேச்சு வாடை தூக்கலாக இருக்கும். மூன்றாம் பதிப்பில் அரியோஸ்தோ வரிவரியாக உட்கார்ந்து, பெம்போவின் விதிப்படி, அந்த வாடையைக் களைந்திருக்கிறார். காவியத்தின் கடைசிக் காண்டத்தில் பெம்போவைப் பெயர் சொல்லிப் புகழவும் செய்கிறார். தன் காவியம் ஃபெராராவோடு நின்றுவிடக் கூடாது, தீபகற்பம் முழுதும் படிக்கப்பட வேண்டும் என்று நினைத்த ஒருவரின் கணக்கு இதில் தெரிகிறது. 1494இல் பிரெஞ்சுப் படை இறங்கியதிலிருந்து அரசுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், எழுத்தில் மட்டும் ஓர் ஒற்றுமை உருவானது. அரசியல் ஒற்றுமை பின்னால் வந்தது, முந்நூறு ஆண்டுகள் கழித்து.

இதுவரை சொன்னது எந்த ஊர் என்ற கேள்வி. டியோனிசொட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அவருடைய தலைசிறந்த கட்டுரை தலைப்புக் கட்டுரை அல்ல, அதே தொகுப்பில் உள்ள 'குருமாரும் இல்லறத்தாரும்' என்ற கட்டுரைதான். சோறு போட்டது யார் என்ற கேள்வி அங்கேதான் முழு வேகத்தில் வருகிறது.

பதினாறாம் நூற்றாண்டின் முதற்பாதி எழுத்தாளர்களை ஒவ்வொருவராக எடுத்து, இவர் திருச்சபையின் வருமானத்தில் வாழ்ந்தவரா, இல்லையா என்று பார்க்கிறார். பட்டியல் திகைக்க வைக்கிறது. பெம்போ போப் பத்தாம் லியோவின் செயலாளர். பிறகு யோவான் மாவீரர் சபையில் துறவு வாக்கு எடுத்தார். மொரோசினா என்ற பெண்ணோடு மூன்று குழந்தைகள். அவள் இறந்த சில ஆண்டுகளில், 1539இல், கர்தினால். அரசவை நாகரிகத்துக்கு இலக்கணம் வகுத்த காஸ்டிலியோனே, மனைவி இறந்தபின் குருமார் பக்கம் வந்து, போப்பின் தூதராக ஸ்பெயின் போய் அங்கேயே 1529இல் இறந்தவர். மேசை நாகரிகம் பற்றிப் புகழ்பெற்ற சிறு நூலை எழுதிய டெல்லா காசா பேராயர். நாணம் கெட்ட கதைகள் பலவற்றை எழுதிய பண்டெல்லோ, தொமினிக்கன் துறவி, கடைசியில் பிரான்சில் ஆயர்.

அரியோஸ்தோவின் நிலைதான் பரிதாபம். கர்தினால் இப்போலிதோ தெஸ்தேயிடம் வேலை. 1517இல் கர்தினால் ஹங்கேரிக்குக் கிளம்பியபோது கூட வரமாட்டேன் என்றார், வேலை போயிற்று. பிறகு ஃபெராரா கோமகனின் சேவகத்தில் கார்ஃபஞ்ஞானா என்ற மலைப்பிரதேசத்துக்கு ஆளுநராகப் போய், 1522 முதல் 1525 வரை வழிப்பறிக்காரர்களோடு அல்லாடினார். நேசித்த அலெஸ்ஸாந்த்ராவை மணந்தது ரகசியமாக. வெளிப்படையாக மணந்தால், கீழ்நிலைக் குருத்துவத்தின் பேரில் வந்துகொண்டிருந்த திருச்சபை மானியம் நின்றுபோகும். இத்தாலியின் மிகப் பெரிய காதல் காவியத்தை எழுதியவரின் குடும்ப நிலவரம் இது.

தெ சாங்க்டிஸ் இந்தக் காலத்தைப் பார்த்து, நெறி தளர்ந்தது, மனசாட்சி உறங்கியது என்று தீர்ப்பு எழுதினார். டியோனிசொட்டி தீர்ப்பு எழுதவில்லை. மானியக் கணக்கைப் பார்த்தார். சிறு அரசுகள் சரிந்து அரசவை வேலை அருகிவந்த நாட்டில், படித்தவனுக்குத் திருச்சபைதான் பெரிய வேலைவாய்ப்பு. குருப்பட்டம் வாங்காமல் எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடிந்தவர்கள் மிகச் சிலர். இது இலக்கியத்தைக் கொச்சைப்படுத்துவது என்று சினந்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மானியக் கணக்கு தெரிந்தபின் அரியோஸ்தோவின் அங்கதச் செய்யுள்களைப் படித்துப் பாருங்கள். அவற்றிலுள்ள எரிச்சலுக்கு முகவரி கிடைக்கும்.

இங்கே ஒரு சிறு விலகல். நாம் இத்தாலியர் என்று சொல்லும் வீரமாமுனிவர், கொன்ஸ்டான்ட்சோ பெஸ்கி, 1680இல் காஸ்டிலியோனே தெல்லே ஸ்டிவியெரேயில் பிறந்தவர். அது அன்று கொன்சாகா குடும்பத்தின் ஒரு கிளை ஆண்ட சின்னஞ்சிறு சிற்றரசு. இத்தாலி என்ற அரசு உருவாக இன்னும் நூற்றெண்பது ஆண்டுகள் இருந்தன. படிப்பும் சோறும் அவருக்கு இயேசு சபையில். டியோனிசொட்டி அவரைப் பற்றி எழுதியதாக நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டு கேள்விகளையும் அவரிடம் கேட்டால், கச்சிதமாக இரண்டு பதில்கள் கிடைக்கின்றன.

திரெந்து சங்கக் காலம் பற்றிய கட்டுரை இன்னொரு திறப்பு. 1545 முதல் 1563 வரை நடந்த அந்தத் திருச்சபைச் சங்கம் இலக்கியத்தின் கழுத்தை நெரித்தது என்பது வழக்கமான பேச்சு. டியோனிசொட்டி அந்தக் காலத்தில் என்ன அச்சாயிற்று என்று பார்த்தார். அதற்குமுன் இலக்கிய உலகத்துக்குள் காலெடுத்து வைக்காதவர்களெல்லாம் அச்சில் வந்துகொண்டிருந்தார்கள், குறிப்பாகப் பெண்கள். விட்டோரியா கொலோன்னாவின் கவிதைகள் 1538இல், லௌரா தெர்ராச்சினாவின் தொகுப்பு 1548இல், கஸ்பாரா ஸ்டாம்பா 1554இல். 1559இல் லூக்கா நகரில் பெண் கவிஞர்களுக்கென்றே ஒரு தொகைநூல். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் அதில் இருக்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் தனித்தனிப் பெண் எழுத்தாளர்கள் உண்டு; ஒரு குழுவாக, ஓர் அணியாக அவர்கள் தெரிவது இந்தக் காலத்தில்தான் என்றார் டியோனிசொட்டி. லத்தீன் படிக்காதவர்களும் எழுதக்கூடிய ஒரு பொதுமொழி உருவாகிவிட்டது, அச்சகங்களுக்கோ புதிய சரக்கு தேவைப்பட்டது. அதே 1559இல்தான் ரோமின் தடைநூல் பட்டியலும் வெளிவந்தது. பின்னால் வந்த பெண் எழுத்து ஆய்வுகளுக்கு இந்தச் சில பக்கங்கள் அடித்தளம் போட்டன. பின்வந்தவர்கள் அவரைத் திருத்தியும் இருக்கிறார்கள். அணி அவ்வளவு சீக்கிரம் கலைந்துவிடவில்லை என்கிறார்கள்.

தாந்தே ஓரமாக வருவார் என்றேனே. 'தாந்தேயின் ஏற்ற இறக்கங்கள்' என்ற கட்டுரையில் வருகிறார். பதினேழாம் நூற்றாண்டு முழுவதிலும் அவருடைய காவியம் இத்தாலியில் மூன்றே முறைதான் அச்சானது. பெம்போவின் பெட்ரார்க் ஆட்சி அவரை ஒதுக்கிவிட்டிருந்தது. பிறகு நாட்டு விடுதலை இயக்கம் அவரைக் கையிலெடுத்தது. 1865இல், பிளாரன்ஸ் தலைநகரமான அந்த ஆண்டில், மன்னரே வந்து நிற்க சாந்தா க்ரோச்சே சதுக்கத்தில் சிலை திறந்தார்கள். என்றென்றும் தேசியக் கவி என்ற பட்டத்துக்கு வயது அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் காண டியோனிசொட்டிக்கு எப்படி முடிந்தது? லண்டன் தொலைவு உதவியிருக்கும். அதைவிடப் பீட்மாண்ட் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். இத்தாலியை ஒன்றாக்கிய அரசு பீட்மாண்ட் அரசு; முதல் தலைநகரம் தூரின். ஆனால் இலக்கியத் தேசப்படத்தில் அந்த மூலை பல நூற்றாண்டுகள் ஏறக்குறைய வெறுமை. 1749இல் அஸ்தியில் பிறந்த அல்ஃபியேரி, இத்தாலியின் பெரும் துன்பியல் நாடகாசிரியர், முதலில் எழுதியது பிரெஞ்சில். பிறகு டஸ்கனிக்குப் போய், பிறமொழி கற்பதைப் போல இத்தாலிய மொழியைக் கற்றார். அந்த மண்ணில் பிறந்தவருக்கு நேர்கோட்டுக் கதை பொருந்தாது என்பது பிறப்பிலேயே தெரியும். தன் ஊரைத் தூக்கி நிறுத்தவும் அவர் முயலவில்லை. பிராந்தியப் பெருமை பேசுகிறவர்கள் அவரை மேற்கோள் காட்டுவது தவறு. தன் பகுதியின் வெறுமையை அவரைவிடக் கறாராக எழுதியவர் இல்லை.

குறைகளும் உண்டு. ஊர்களையும் வருமானங்களையும் அடுக்கிக்கொண்டே போகையில், கவிதை ஏன் கவிதையாக இருக்கிறது என்ற கேள்வியை அவர் பெரும்பாலும் தொடுவதில்லை. அவருடைய வாக்கியங்கள் நீளம்; அவருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டு போவார். அவரைப் பின்பற்றியவர்கள் செய்தது இன்னும் மோசம்: மாவட்டம் மாவட்டமாக எழுத்தாளர் பட்டியல். எய்னௌதி பதிப்பகத்துக்காக ஆல்பெர்தோ அசோர் ரோசா நடத்திய பெரும் இலக்கியத் தொகுதியில், 1987 முதல் 1989 வரை வந்த பகுதிகளுக்கு 'வரலாறும் புவியியலும்' என்றே பெயர். சொற்களின் வரிசை திரும்பிவிட்டதைக் கவனியுங்கள். அதில் நல்ல கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் வாய்க்கால்களைத் தேடிய மனம் சில இடங்களில்தான் தெரிகிறது.

டியோனிசொட்டி கடைசிவரை முழு இலக்கிய வரலாறு எதையும் எழுதவில்லை. தெ சாங்க்டிஸுக்கு மாற்றாக இன்னொரு பெருங்கதை எழுதும் ஆசை அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1980இல் மாக்கியவெல்லி பற்றிய கட்டுரைகள், 1988இல் நவீனர்கள் பற்றிய கட்டுரைகள், தொண்ணூறுகளில் அல்டோ மனூட்சியோ பற்றிய நூல். 1998 பிப்ரவரியில் லண்டனில் இறந்தார். அந்த ஆண்டே வந்த நூலின் பெயர் 'இத்தாலியப் பள்ளியின் நினைவுகள்'. இலக்கியம் கற்பித்தவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், யாரிடம் படித்தார்கள், எந்தப் பல்கலைக்கழகத்தில் எப்படிப் பதவி பெற்றார்கள் என்பதுதான் அதன் பொருள். கவிஞர்களிடம் கேட்டுவந்த கேள்விகளை, முடிவில் தன்னுடைய தொழிற்காரர்களிடமும் கேட்டுவிட்டார்.